ஒரே ஒரு சனிக்கிழமை: கொலோனா, டோர்ட்முண்டா, மியூனிக்கா?

வருஷத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் இருக்கும் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஏதாவது ஒரு கண்காட்சி இருக்கும். வெள்ளிக்கிழமையோடு வேலை முடியும், ஞாயிறு விமானம். நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடக்கும். "ஊரும் பார்க்கணும், அங்கத்திய சாப்பாடும் சாப்பிடணும், ஒரு ஃபுட்பால் மேட்சும் பார்த்துடணும். எங்கேடா போகட்டும்?" கடைசியாகக் கேட்டவன் கல்லூரியில் என் அறைத்தோழன். இந்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனதால் ஒழுங்காகவே எழுதிவிட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. மேட்ச் என்றால் 90 நிமிஷம்தானே என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் முதன்மை ஃபுட்பால் லீகான பண்டஸ்லிகாவின் சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை 3.30 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்கே ஊருக்குள்ளிருந்து கிளம்ப வேண்டும். வாசலில் சோதனை, இருக்கையைத் தேடுவது, இடைவேளை, முடிந்ததும் பல்லாயிரம் பேரோடு டிராமுக்கு நிற்பது. மறுபடி ஊருக்குள் கால் வைக்க ஆறரை ஆகிவிடும். பகலின் நல்ல ஐந்து மணி நேரம் அதோடு போச்சு. நவம்பர் கடைசியில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் எந்தக் கிளப் பெரிசு என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். எந்த ஊரில் அந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுத்தால் மனசு வலிக்காது? அதைப் பாருங்கள்.

மியூனிக்கை சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டுசல்டோர்ஃபிலிருந்து அதிவேக ரயிலில் போனாலும் ஒரு பக்கப் பயணமே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஜெர்மன் ரயில் கடிகாரம் மாதிரி ஓடும் என்ற நம்பிக்கையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2024-ல் இங்கே தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. காலையில் போய் இரவு திரும்புவது வீண் அலைச்சல்.

உங்கள் வேலையே மியூனிக்கில் என்றால் கதை வேறு. அங்கே நாளை நடத்துவது சாப்பாட்டுக் கடிகாரம். வைஸ்வுர்ஸ்ட் எனும் வெள்ளைத் தொத்திறைச்சியை மதியம் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பவேரியா, அதாவது மியூனிக் இருக்கும் மாநிலத்தின் சம்பிரதாயம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் விடியற்காலை செய்தது மதியம் தாங்காது, அதனால் வந்த பழக்கம். கன்றிறைச்சி, சுடுதண்ணீரில் மிதந்தபடி வரும். தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகு தொட்டுச் சாப்பிட வேண்டும். விக்டுவாலியன் சந்தைப் பக்கம் ஒன்பதரைக்கு அதை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு வந்தால், நகர மண்டபக் கோபுரத்தில் 43 மணிகள் ஒலிக்க 32 பொம்மைகள் சுற்றிவரும். குதிரை மேல் ஈட்டிச் சண்டை போடும் இரண்டு வீரர்களில் தினமும் பவேரியாக்காரனே ஜெயிக்கிறான். ஊர்க் கிளப்பான பயர்ன் மியூனிக்கின் பிற்பகல் ஆட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். மைதானம் ஊரின் வடக்கு விளிம்பில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. யூ6 ரயிலில் ஃப்ரோட்மனிங்கில் இறங்க வேண்டும். 75,000 பேர் கொள்ளும். காற்றடைத்த மெத்தைகளால் மூடிய அதன் வெளிச்சுவர் இரவில் சிவப்பாக ஒளிரும்போது அழகுதான். ஆனால் சுற்றிலும் ஊர் என்று ஒன்றும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பவேரியாவின் பாரம்பரிய பீர் தோட்டங்களுக்கு நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும். 1812-ல் அரசர் போட்ட உத்தரவிலிருந்து வரும் உரிமை இது. கஷ்கொட்டை மரத்தடியில் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் வாசனை பிடித்துவிட்டு என்னவென்று கேட்டார், ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

இனி நிஜமான போட்டிக்கு வருவோம். கொலோன் டுசல்டோர்ஃபிலிருந்து அரை மணி நேரம், டோர்ட்முண்ட் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் சாதாரண வட்டார ரயிலே போதும்.

கொலோனின் பெரிய வசதி, இறங்கின இடத்திலேயே எல்லாம் தொடங்கிவிடும். ரயில் நிலைய வாசலைத் தாண்டி நிமிர்ந்தால் கதீட்ரல் முகத்துக்கு நேரே நிற்கும். கேமராவுக்குள் அடங்காது, பின்னால் பின்னால் நடந்து படிக்கட்டில் தடுக்கி விழப்போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெட்டி இருந்தால் முதலில் நிலையத்தில் இருக்கும் லக்கேஜ் இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். காசு போட்டதும் கதவு மூடி, பெட்டி தரைக்கடியில் எங்கேயோ போய்விடும். கையில் ஒரு அட்டை மிஞ்சும். திரும்பி வந்து அட்டையைச் சொருகினால் பெட்டி மேலே வரும். குழந்தைகளோடு போனால் இதற்கே பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கதீட்ரலுக்கு அடிக்கல் நாட்டியது 1248-ல், கட்டி முடித்தது 1880-ல். நடுவே நூற்றாண்டுக் கணக்கில் வேலையே நடக்காமல் கிடந்தது. முடித்தபோது 157 மீட்டர் உயரத்தோடு நாலு வருஷம் உலகத்தின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. தெற்குக் கோபுரத்தில் 533 படி, லிஃப்ட் கிடையாது. ஆனால் நான் யாரைக் கூட்டிப்போனாலும் படி ஏற்றுவதற்கு முன் தெற்குப் பக்க ஜன்னல் ஒன்றைக் காட்டுவேன். 2007-ல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அமைத்தது. சாமி உருவம் எதுவும் இல்லை. 72 நிறங்களில் 11,263 சிறு சதுரக் கண்ணாடிகள், அவ்வளவுதான். வெயில் உள்ள நாளில் உச்சிப்பொழுதை ஒட்டிப் போனால் அந்த நிறமெல்லாம் தூணிலும் தரையிலும் சிந்திக் கிடக்கும். போன தடவை ஒரு சின்னப் பெண் நீலத்தை மிதிக்காமல் சிவப்பிலிருந்து சிவப்புக்குத் தாவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பத்து நிமிஷம் பொறுமையாக நின்றார், நானும் நின்றேன்.

பிறகு ரைன் நதி மேல் ஹோஹென்ஸோலர்ன் பாலம். ரயில் தடதடக்கும் பக்கத்திலேயே நடைபாதை; கம்பி முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். அக்கரை போய்விட்டால் 103 மீட்டர் உயர மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது, அதன் உச்சியில் பார்வைத் தளம். இங்கே லிஃப்ட் உண்டு. முழங்கால் வலியோடு வரும் அம்மா அப்பாவுக்கு 533 படியை விட இது எவ்வளவோ மேல். கதீட்ரலின் மேலே ஏறினால் கதீட்ரல் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

சாப்பாட்டில் கொலோனை எந்த ஊரும் தொட முடியாது என்று டுசல்டோர்ஃபில் இருந்துகொண்டு எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். இரண்டு ஊருக்கும் காலகாலமாக ஆகாது. அங்கே வெளிர்மஞ்சள் கோல்ஷ் பீர், இங்கே கருஞ்சிவப்பு ஆல்ட் பீர். அங்கே போய் ஆல்ட் கேட்டுவிடாதீர்கள். அங்கத்திய பீர்க்கடைகளில் பரிமாறுகிறவருக்கு கோபஸ் என்று பெயர். நீல அங்கி, வட்டத் தட்டு, கொஞ்சம் வெடுக்கென்ற பேச்சு. நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது அந்த ஊர் நாடகம். கோல்ஷ் வருவது 200 மில்லி கிளாஸில். காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்து உட்காரும், கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். போதுமென்றால் வாயால் சொல்வதை விட அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல் மூடிவிடுவதுதான் வழி. இது தெரியாத என் சக ஊழியர் ஒருவர், மரியாதைக்காக ஒவ்வொன்றையும் காலி செய்துகொண்டே இருந்தார். ஒன்பது கோடு. குடிக்காதவர்கள் அப்ஃபெல்ஷோர்லே கேளுங்கள், ஆப்பிள் சாற்றில் சோடா கலந்தது. கோபஸ் ஏதாவது கிண்டல் அடிப்பார், அடிக்கட்டும்.

சைவக்காரர்களுக்கு இங்கே ஒரு நல்ல வேடிக்கை. மெனுவில் ஹால்வர் ஹான் என்று இருக்கும், சொல்லுக்குச் சொல் அரைச் சேவல். கோழிக்கு ஆசைப்பட்டு அதைக் கேட்டவர்களுக்கு ஒரு கம்பு நிற ரை ரொட்டியும் தடித்த கௌடா சீஸ் துண்டும் வெங்காயமும் கடுகும் வரும். கோழியின் இறகு கூட இருக்காது. அரைத்த உருளைக்கிழங்கை வடை போலப் பொரித்து ஆப்பிள் மசியலோடு தரும் ரீவ்கோகேயிலும் இறைச்சி கிடையாது, மொறுமொறுப்பு அடங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். 'வானமும் பூமியும்' என்று அழகான பெயரில் ஒன்று இருக்கிறது: மரத்தில் காய்க்கும் ஆப்பிள் வானம், மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு பூமி. மேலே பொரித்து வைக்கும் துண்டு பன்றி ரத்தத்தில் செய்தது. பெயரில் மயங்கி ஆர்டர் செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விளையாட்டும் கொலோனில் சோடை இல்லை. 1963-64-ல் நடந்த முதல் பண்டஸ்லிகாவின் சாம்பியனே இந்த ஊர்க் கிளப்தான். அதற்கப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாகவே பிழைப்பு. ஒன்றாம் எண் டிராமில் மேற்கே போனால் மைதானம், 50,000 பேர் கொள்ளும். கிளப்பின் சின்னம் ஒரு கிடா ஆடு, பெயர் ஹென்னஸ். 1950-ல் ஒரு சர்க்கஸ் கம்பெனி பரிசாகக் கொடுத்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக உயிருள்ள ஆட்டையே வைத்திருக்கிறார்கள். உயிரியல் பூங்காவில் வசிக்கும் அது, சொந்த ஊர் ஆட்டமென்றால் கயிற்றைப் பிடித்த ஆளோடு மைதானத்துக்கு வரும். நம் ஊரில் கிடாவை மஞ்சள் தண்ணீர் தெளித்து எங்கே கூட்டிப்போவார்கள் என்று ஜெர்மன் நண்பரிடம் சொல்லப்போய், அன்று மாலை முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

ஆனாலும் முதல் முறை வருகிறவரை கொலோனில் மேட்சுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. ஒன்றரைக்கு டிராம் ஏறினால் ஜன்னல் வெளிச்சம் போச்சு, அக்கரை போச்சு, சாவகாசமான மதியச் சாப்பாடும் போச்சு. ஆட்டம் முடிந்து வந்தால் பீர்க்கடைகளில் உட்கார இடம் இருக்காது. விளையாட்டு வேண்டும்தான் என்றால் வேறு வழி இருக்கிறது. பாலத்துக்கு அக்கரையிலேயே பெரிய உள்ளரங்கம். குளிர்காலத்தில் கொலோன் ஹையே அணி அங்கே ஐஸ் ஹாக்கி ஆடும், ஆனால் பெரும்பாலும் வெள்ளி மாலையும் ஞாயிறும்தான். 2010-லிருந்து ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி நாலு அணிகள் மோதுவதும் அதே அரங்கில், கோடைத் தொடக்கத்தில். கதீட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஊரின் தெற்கே ஸூட்ஸ்டேடியோனில் ஃபோர்டுனா கொலோன் கீழ்ப்பிரிவு ஆட்டம் இருந்தால் வாசலிலேயே டிக்கெட் எடுத்து, தொத்திறைச்சிப் புகைக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு வரலாம்.

டோர்ட்முண்ட் இதற்கு நேர் எதிர். அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அந்த ஊர்க்காரர்களே சொல்வதில்லை. போர்க்குண்டுகள் பழைய நகரத்தைத் துடைத்துப்போட்டன. பிறகு எழுந்தது கடைவீதியும் கான்கிரீட்டும். நிலக்கரி, எஃகு, பீர் என்று மூன்றை நம்பி வளர்ந்த ஊர். ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்து போட்ரோப்பில் 2018 டிசம்பரில் மூடியது. இங்கத்திய பெரிய எஃகு ஆலை ஒன்றைச் சீனக் கம்பெனி வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஹூர்டே பகுதியில் ஆலை நின்ற பள்ளத்தில் தண்ணீர் விட்டு ஏரியாக்கியிருக்கிறார்கள், பீனிக்ஸ் ஏரி. கரையில் விலையுயர்ந்த வீடுகள், பாய்மரப் படகுகள். இரும்பு உருக்கிய பழைய பெரும் கலன் ஒன்றை மட்டும் நினைவுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பழைய பீர் ஆலைக் கோபுரம், தலையில் ஒன்பது மீட்டர் உயர 'யு' எழுத்து, உள்ளே இப்போது கலைக்கூடம். இதெல்லாம் சேர்த்து அரை நாள் சரக்கு. எஞ்சிய அரை நாளைக் கேட்கத்தான் மேட்ச் இருக்கிறதே!

வெஸ்ட்ஃபாலன் மைதானம் 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. உள்நாட்டு ஆட்டங்களுக்கு 81,365 பேர். தெற்குப் பக்கம் மட்டும் 24,454 பேர் நின்றுகொண்டே பார்க்கும் ஒற்றைச் சரிவு. மஞ்சள் சுவர் என்று உலகமே அழைப்பது இதைத்தான். எண்ணைப் படித்தால் ஒன்றும் ஆகாது. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் முன் எல்லோரும் மஞ்சள் துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துப் பாடுவார்கள். நான் உட்கார்ந்திருந்தது எதிர்ப் பக்கம். பாட்டு காதுக்கு வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே இருக்கையின் பிளாஸ்டிக் அதிர்வது தொடையில் தெரிந்தது. திருவிழாவில் பறை பக்கத்தில் வரும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்குமே, அது. கோல் விழுந்ததும் அந்தச் சரிவில் பிளாஸ்டிக் கோப்பைகள் பறக்கும், பீர் மழை பொழியும். கீழ் வரிசைக்கு டிக்கெட் எடுத்தால் நல்ல சட்டை போட்டுப் போகாதீர்கள். நீலச் சட்டை எந்த வரிசைக்கும் வேண்டாம். பக்கத்து ஊர்ப் பரம எதிரிக் கிளப்பான ஷால்கவின் நிறம் அது. அந்தப் பெயரைக் கூடச் சொல்லாமல் 'மேற்கு ஹெர்ன' என்று வேறொரு ஊரின் பெயரால் நக்கலடிப்பார்கள்.

மைதானத்துக்கு ரயிலில் போகலாம். ஆனால் நடந்து போங்கள், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். க்ரோய்ட்ஸ் வட்டாரத் தெருக்கள் வழியாக மஞ்சள் கூட்டத்தோடு கூட்டமாக நகர்வதே பாதித் திருவிழா. வழியெல்லாம் பூட என்னும் கடைகள். நம்ம ஊர்ப் பெட்டிக்கடை அப்படியே: ஜன்னல் வழி வியாபாரம், பீர், செய்தித்தாள், சிகரெட், பாட்டிலில் கலர் கலர் மிட்டாய். சுரங்கத் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து நின்று பேசிய இடங்கள் இவை. சாப்பாடு என்றால் கறிவுர்ஸ்ட், அதாவது நறுக்கிய தொத்திறைச்சி மேல் தக்காளிச் சாறும் கறிப்பொடியும். நம் நாக்குக்கு அதில் கறியும் இல்லை, காரமும் இல்லை. ஆனால் குளிரில் கை நடுங்க மரக்குச்சியால் குத்திச் சாப்பிடும்போது ருசிக்கும். கூடவே 'பொம்மஸ் ஷ்ரங்க' கேளுங்கள். சிவப்புக் கெச்சப்பும் வெள்ளை மயோனெய்ஸும் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல். ஷ்ரங்க என்றால் ரயில்வே கேட், அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்து வைத்த பெயர். உட்கார்ந்து சாப்பிட, மிளகு தூக்கலாகப் போட்ட ஃபெஃபர்போட்ஹாஸ்ட் என்ற மாட்டிறைச்சிக் குழம்பு. மூன்று ஊரிலும் நம் வாய்க்கு மிக அருகில் வருவது இதுதான். சைவம் மட்டும் என்பவர்களுக்கு டோர்ட்முண்ட் வறட்சிதான். நிலையத்துக்கு வடக்கே மூன்ஸ்டர் தெருவில் துருக்கி, அரபுக் கடைகள் காப்பாற்றும்.

டிக்கெட் கிடைக்காவிட்டால் டோர்ட்முண்ட் வேண்டாமா? பாதி வேண்டாம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 2015-ல் திறந்த ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பந்தை அங்கே பார்க்கலாம். பிறகு இன்னும் கிழக்கே ரயிலில் ஹம் ஊருக்குப் போனால், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு நடுவில் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்தது. 17 மீட்டர் ராஜகோபுரத்துக்குப் பின்னணியாக அனல் மின்நிலையம். கோடையில் தேர்த் திருவிழா நாளில் போனால் அன்றைக்கு மேட்ச் ஞாபகமே வராது.

டிக்கெட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பருவ அட்டவணை வந்ததும், 'இந்த வாரக் கடைசி டோர்ட்முண்டில் ஆட்டம்' என்று பார்த்துவிட்டு விமான டிக்கெட் போட்டுவிடுவார்கள். வெள்ளியா, சனியா, ஞாயிறா, எத்தனை மணி என்பதெல்லாம் சில வாரங்களுக்கு முன்தான் முடிவாகும். என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆட்டம் ஞாயிறு மாலைக்குப் போய், அவன் விமானத்தில் உட்கார்ந்து ஸ்கோர் பார்த்தான். அதற்கும் முன்னால் ஒரு தடவை, கிளப்புக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மறுவிற்பனைத் தளத்தில் மூன்று மடங்கு விலைக்கு நானே வாங்கி, வாசலில் ஸ்கேனர் சிவப்பு விளக்கு காட்ட வெளியே நின்றேன். உள்ளிருந்து கேட்ட ஆரவாரத்தை வைத்து எத்தனை கோல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கிளப்பின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்குவதில்லை. உறுப்பினர்கள் விற்றுவிட விரும்பும் இருக்கைகளும் அங்கேயே கடைசி நாள்களில் வரும். பையும் ஒரு தொல்லை. ஏ4 தாள் அளவுக்கு மேல் பெரிய பையைப் பெரும்பாலான அரங்குகளில் விடமாட்டார்கள். லேப்டாப் பையோடு நேரே போகவே போகாதீர்கள்.

ஆக, டிக்கெட் கையில் உறுதியாக இருந்தால் டோர்ட்முண்ட். இல்லையென்றால், அல்லது கூட வருகிறவர்களில் ஒருத்தருக்காவது ஃபுட்பாலில் நாட்டமில்லை என்றால், யோசிக்காமல் கொலோன். மியூனிக்குக்கு இன்னொரு பயணத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அறைத்தோழன் ஒரு மணி நேரம் பதிலே போடவில்லை. பிறகு அவன் மனைவிதான் போன் செய்தார். "அண்ணா, அவர் டோர்ட்முண்டுக்குப் போகட்டும். நான் கொலோன் போய் அந்த ஜன்னலைப் பார்க்கிறேன். டுசல்டோர்ஃபிலிருந்து ரெண்டு பக்கமும் ரயில் இருக்குல்ல?" இருக்கிறது. ஒன்று வடகிழக்கே, ஒன்று தெற்கே. இரவு எட்டரைக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டில் ரசம் சாதத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.